கர்ப்பகால யோகாவுக்குப் பத்தமடைப் பாய்: வழுக்கும், ஆனாலும்...

"யோகாவுக்கு ரப்பர் மேட் வாங்கவா, கல்யாணத்துக்கு நெய்த பத்தமடைக் கோரைப் பாயே போதுமாக்கா?" என்று ஆறாம் மாதத்தில் இருக்கும் தோழி கேட்டாள். இரண்டையும் நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் குறை. டைல்ஸ் தரையில் பாய் வழுக்கும். வயிறு முன்னே வரவர உடலின் எடை விழும் இடம் மாறும். அப்போது கால் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் ஆபத்துதான். விருட்சாசனம், வீரபத்ராசனம் எதையும் இதன்மேல் நின்று செய்யாதீர்கள். அடியில் ஜமுக்காளம் விரித்தால் அதுவும் சேர்ந்து நகர்கிறது. ஈரத்துணி போட்டால் கோரையில் பூசணம் பிடிக்கும். அடியில் ரப்பர் வலை விரிப்பு போட்டு, பாயின் ஓரம் சுவரில் முட்டும்படி விரித்தால் உட்கார்ந்து செய்பவற்றுக்கு அசையாது. இத்தனை நுணுக்கமாக நெய்கிற பாய்க்கு அடியில் ஒரு பிடிப்பு இல்லையே என்று எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் அது படுக்க நெய்த பாய். நிற்பதற்குக் கேட்டால் அதன்மேல் என்ன தப்பு?

படுப்பதில்தான் இதன் அருமை. 20 வாரத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து கிடந்தால் கர்ப்பப்பை, கீழுடலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய நாளத்தை அழுத்தும். தலை சுற்றும், குமட்டும். அதனால் சவாசனத்தை இடப்பக்கம் ஒருக்களித்துச் செய்ய வேண்டும். தலைக்கு ஒரு தலையணை, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கால்களுக்கு நடுவே இன்னொன்று, வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய பருத்திச் சேலை. ரப்பர் மேட்டின் அகலம் இரண்டு அடி. இவ்வளவையும் வைத்துப் படுத்தால் முழங்கால் வெளியே போகும், இல்லாவிட்டால் முதுகு வெளியே போகும். மூன்றடிக்கு மேல் அகலமுள்ள பாயில் உடம்பு முழுக்க அடங்கும். சித்திரை வெயிலில் ரப்பர் வியர்வையோடு தோலில் ஒட்டும்; கோரை ஒட்டாது. யோகத்துக்குப் பேர்போன சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊரும், இந்தப் பாய் நெய்யும் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைதான் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

இப்படிப் படுத்திருக்கும் பத்து நிமிடத்தை யாரும் குறைக்காதீர்கள். பாதத்திலிருந்து மேலே கவனத்தைக் கொண்டுவாருங்கள்: கணுக்கால் வீக்கம், தொடையின் கனம், தொப்புளுக்குக் கீழே கறுத்த கோடு, தோலில் விழுந்த வரிகள். ஒவ்வோர் இடத்திலும் நான்கைந்து மூச்சு. நல்லது, கெட்டது என்று எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டாம். "ஏளா, இப்படிக் கறுத்துட்டியே", "வயிறு சின்னதா இருக்கே" என்று பகலெல்லாம் கேட்ட உடம்புக்கு இந்த நேரம் அவசியம்.

உடம்பை ஏற்பது உட்காரும் ஆசனங்களிலும் உண்டு. ரிலாக்சின் என்ற ஹார்மோன் எலும்புகளை இணைக்கும் நார்களைத் தளர்த்துவதால், உள்ளங்கால்களைச் சேர்த்து உட்காரும் பத்த கோணாசனத்தில் முன்பு இறங்காத முழங்கால் இப்போது தானே இறங்கும். கையால் அழுத்தி இன்னும் இறக்கினால் இடுப்பின் முன்மூட்டில் வலி தொடங்கும். படியேறுவது, படுக்கையில் புரளுவதெல்லாம் சிரமமாகிவிடும். முழங்கால்களுக்கு அடியில் தலையணை கொடுத்து, முடிந்ததில் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். முடியாததை ஒத்துக்கொள்வதைவிட, முடிவதைச் செய்யாமல் விடுவதுதான் கடினம். "உங்கள் உடலை நேசியுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே "இன்னும் கொஞ்சம் கீழே" என்று எண்ணுகிற வீடியோக்களை மூடிவிடுங்கள்.

கையும் முழங்காலும் ஊன்றிச் செய்யும் பூனை ஆசனத்துக்குப் பாயின் மெல்லிய தடிமன் போதாது. முழங்காலுக்கு அடியில் துண்டை நான்காக மடித்து வையுங்கள். மூச்சை அடக்கும் கும்பகம், வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, குப்புறப் படுப்பது, வயிற்றை முறுக்குவது எல்லாம் வேண்டாம். வண்டுபோல் ரீங்கரித்து மூச்சு விடும் பிராமரி போதும். நஞ்சுக்கொடி கீழிறங்கி இருந்தாலோ ரத்த அழுத்தம் கூடியிருந்தாலோ டாக்டர் சரி என்று சொல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வலி, கடும் தலைவலி, பிள்ளை அசைவு குறைவது: இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

பாயை மடிக்காமல் சுருட்டி, நிழலில் உலர்த்தி வையுங்கள். ஐப்பசி மழையில் சுவரோரம் சாத்தி வைத்தால் கறுப்புப் புள்ளி விழும்.

விலை, பிடிப்பு, துடைக்கும் வசதி என்று கணக்குப் பார்த்தால் ரப்பர் மேட்தான் ஜெயிக்கும். ஆனாலும் அவளிடம் மேட் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நிற்கும் ஆசனங்களைச் சுவரைப் பிடித்து, வெறுந்தரையில், வெறுங்காலோடு செய்யட்டும். மேட்டுக்கு வைத்திருந்த காசுக்கு இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை வாங்கட்டும்.