ஒருமுறை உரிமமா, சந்தாவா, ஆதரவுக்கு மட்டும் கட்டணமா?

ஒரு மென்பொருளுக்கு நிரந்தர உரிமம் வாங்கினால் ஒரே செலவோடு முடிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தரவுகளைச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருளை விற்கும் ஆரக்கிள் நிறுவனம் திருத்தங்களுக்கும் உதவிக்கும் வாங்கும் வழக்கமான ஆண்டு ஆதரவுக் கட்டணம், உரிமத்துக்குக் கொடுத்த தொகையில் 22 சதவீதம். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கட்டினால், உயர்வு எதையும் சேர்க்காமலே, அது உரிமத்தின் விலையைத் தாண்டிவிடுகிறது.

விற்பவருக்கு இது நல்ல வருமானம். புதிய வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டாம். மென்பொருளை எழுதிய செலவும் முன்பே முடிந்துவிட்டது. கணக்கு, சம்பளம், சரக்கிருப்பு என எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தின் மேல் கட்டிய நிறுவனம் எளிதில் வெளியேறவும் முடியாது. ஆனால் அந்தப் பிடிக்கும் எல்லை உண்டு. நிறுவன நிர்வாக மென்பொருள் விற்கும் எஸ்ஏபி 2008இல் ஆதரவுக் கட்டணத்தை 17 சதவீதத்திலிருந்து படிப்படியாக 22 ஆக்க முனைந்தது. பொருளாதாரம் சரிந்திருந்த நேரம். பயனர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2010 ஜனவரியில் குறைந்த கட்டண ஆதரவையும் நிறுவனம் மீண்டும் கொண்டுவந்தது. அடுத்த மாதமே தலைமைச் செயல் அதிகாரி லியோ அப்போதெக்கர் விலகினார். கட்டண உயர்வு மட்டுமே அதற்குக் காரணமல்ல. ஆனாலும் வாடிக்கையாளரின் கோபத்துக்கு அதில் பங்கு இருந்தது.

சந்தா முறையில் உரிமமும் ஆதரவும் ஒன்றாகிவிடுகின்றன. ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய அடோபி, 2013இல் தன் படைப்புக் கருவிகளின் புதிய பதிப்புகளைச் சந்தாவில் மட்டுமே தருவதென மாறியபோது, ஆண்டு வருவாய் ஏறத்தாழ 440 கோடி டாலரிலிருந்து 405 கோடியாக இறங்கியது. மொத்தமாக வந்த பணம் மாதத் தவணையாகச் சிதறியதே காரணம். அந்தச் சரிவைத் தாங்கும் இருப்பு அடோபியிடம் இருந்தது. 2023இல் வருவாய் 1,900 கோடியைத் தாண்டியது. கையிருப்பு இல்லாத சிறு நிறுவனம் இதைப் பார்த்து அப்படியே மாறினால் இரண்டாம் ஆண்டைப் பார்க்காமலே போகலாம். வாங்குபவருக்கோ, பணம் கட்டுவதை நிறுத்திய நாளில் கருவியும் போய்விடுகிறது. விலகும் கட்டணத்தை மறைத்ததாக 2024இல் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடுத்தது. சந்தாவில் வெளியேறும் வழியை அடைப்பது எனக்கு ஏற்புடையதே அல்ல.

லினக்ஸ் இயங்குதளத்தை வழங்கும் ரெட் ஹாட், ஆதரவுக்கு மட்டும் கட்டணம் என்ற வேறு வழியில் சென்றது. அதன் மூல நிரல் திறந்த நிரல், அதாவது மற்றவர்களும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடியது. சோதித்த பதிப்பு, பத்தாண்டு வரை பாதுகாப்புத் திருத்தங்கள், சிக்கல் வந்தால் பதில் சொல்ல ஆள் ஆகியவற்றுக்குத்தான் கட்டணம். அதே நிரலில் உருவான சென்ட்ஓஎஸ் என்ற இயங்குதளம் இலவசமாகக் கிடைத்தபோதும் வாடிக்கையாளர்கள் பணம் கொடுத்தார்கள். 2012 நிதியாண்டில் வருவாய் 100 கோடி டாலரைக் கடந்தது. 2019இல் ஐபிஎம் 3,400 கோடிக்கு நிறுவனத்தை வாங்கியது. வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலைதான் ஆதரவின் தரத்தைக் காத்தது என்பது என் கணிப்பு. மூன்றில் நான் மதிப்பது இதைத்தான்.

ஆனாலும் எல்லோருக்கும் இது கைகூடாது. திறந்த நிரலை, இணையம் வழியே கணினி வசதியை வாடகைக்கு விடும் மேகக்கணினி நிறுவனங்களே சேவையாக விற்றால், எழுதியவருக்கு ஆதரவு வருமானமும் மிஞ்சாது. திறந்த நிரல் தரவுத்தளமான ரெடிஸ் 2024 மார்ச்சில் உரிமத்தை இறுக்கியதற்கு அதுவே காரணம். சில நாட்களிலேயே திறந்த நிரல் திட்டங்களைப் பேணும் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ், ரெடிஸின் பழைய நிரலிலிருந்து வால்கீ என்ற தனிக் கிளை பிறந்தது. அமேசானும் கூகுளும் அதன் பக்கம் நின்றன. 2025இல் ரெடிஸ் மீண்டும் ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. முதல் நாளிலேயே கடுமையான உரிமம் வைத்திருந்தால் யாரும் இவ்வளவு சினந்திருக்க மாட்டார்கள். பல ஆண்டுகள் நம்பி நிரல் பங்களித்தவர்களுக்கு நடுவழியில் விதி மாறியதே வலித்தது.

எனவே புதிதாக மென்பொருள் விற்கத் தொடங்குபவர்கள் எந்த முறையைத் தேர்ந்தாலும், ஆதரவுக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு வரை உயரலாம் என்பதையும், விலகினால் தரவை எந்த வடிவில், எத்தனை நாளில் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவோம் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.