இலகு வேலையில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பினால் எந்தக் கதவைத் தட்டுவது?

இலங்கையில், திருகோணமலைச் சீனக்குடாப் பக்கம் ஓர் ஆலையில் மூட்டை தூக்கியவருக்கு முதுகு பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘பாரம் தூக்கக்கூடாது’ என்று வைத்தியர் துண்டு கொடுக்கிறார். வாயிலில் லொறி இலக்கம் பதியும் வேலை கிடைக்கிறது. பிறகு புதிய முகாமையாளர் வந்து, “முழுச் சுகம் வந்தபிறகு வாருங்கள்” என்கிறார்.

பலரும் முதலில் நம்புவது இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை. பெயர்தான் பெரிது. வேலை விடயத்தில் அதன் 23ஆம் பிரிவு பாரபட்சத்தைத் தடுப்பது ஆட்சேர்ப்பில் மட்டுமே. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு அது கைகொடுக்காது.

என் கணிப்பில் வலுவானது, ‘இயலாமை’ என்ற சொல்லே தலைப்பில் இல்லாத 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் இச்சட்டத்தில் வேலை முடிவுறுத்தலாகவே கொள்ளப்படும். ஆகவே அந்த ‘சுகம் வந்தபிறகு’ என்ற இனிய வார்த்தை முதலாளியைக் காப்பாற்றாது. காப்பாற்றக்கூடியது, நீட்டப்படும் விலகல் கடிதத்தில் தொழிலாளி வைக்கும் கையெழுத்துத்தான். முறைப்பாட்டை 6 மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் கொடுக்க வேண்டும்.

பத்துப் பேர் வேலை செய்யும் கடை என்றால் அந்தக் கதவு மூடியிருக்கும்; தொழில் நியாய சபைக்குத்தான் போகலாம். அங்கும் கெடு 6 மாதம். சட்ட எழுத்தைத் தாண்டி ‘நீதியும் நியாயமும்’ பார்த்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் சபைக்கு இருப்பதால், வைத்தியத் துண்டும் இலகு வேலைக்கு மாற்றிய கடிதமும் அங்கே நன்றாகப் பேசும். ஆனால் வழக்கு இழுபடும். சபை விசாரணைக்கு ஏற்றுக்கொண்ட அதே விடயத்துக்கு வேறு பரிகாரம் தேடவும் பொதுவாக முடியாது.

வேலை செய்கையில் வந்த காயம் என்றால் 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது. அது காயத்துக்குப் பணம் தரும், வேலையைத் திருப்பித் தராது.

அரச திணைக்கள ஊழியருக்கு வழி வேறு: சமத்துவ உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம். கெடு ஒரே மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது.