பழைய காருக்கு பிரேக் வேலை: ஏஜெண்ட்ஸா, ஃபிட்மெண்ட் கடையா, சாட்ஸ்வொர்த் ஒர்க்‌ஷாப்பா, அப்புறம் ரீகால் (கம்பெனியே திருப்பிக் கூப்பிட்டு இலவசமா சரி பண்றது) யாருக்குக் கிடைக்கும்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் வந்து சேர்ந்ததும் முதல்ல வாங்குறது ஒரு பழைய டொயோட்டா டாஸ் இல்லன்னா பழைய கொரோலா தான், நானும் அப்படித்தான் 2004 மாடல் டாஸ் ஒண்ணு வாங்கி இத்தன வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். இங்க பக்கத்துல ப்ராஸ்பெக்டன் ஃபேக்டரியிலயே செஞ்ச வண்டி, எஞ்சின் பத்தி ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரேக்குல தான் போன மாசம் உயிர் போயிட்டு வந்துச்சு.

க்ளூஃப்ல ஒரு சீமந்தத்துக்குப் போயிட்டு எம்13 ரோட்டுல இறங்கி வர்றோம், பின்னாடி ரெண்டு பசங்க தூங்கறாங்க, ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம் முழுக்க மிதிச்சு மிதிச்சு வந்து கீழ பைன்டவுன் ரோபோட்ல (சிக்னலுக்கு இங்க அதான் பேரு) நின்னா, வண்டி நிக்குது, ஆனா பெடல் என் காலுக்கு அடியில மெதுவா இறங்கிக்கிட்டே போகுது. அழுத்தம் கொடுக்கக் கொடுக்க எண்ணெயில கால வச்ச மாதிரி போகுது. 2013 செப்டம்பர்ல அதே இறக்கத்துல ஒரு பெரிய லாரி நிக்காம வந்து அந்த ஜங்ஷன்ல டாக்சிங்க மேல ஏறி 24 பேர் செத்துப் போனாங்க, டர்பன்காரங்க யாரும் அத மறக்கல. நான் ஹேண்ட்பிரேக்க புடிச்சுக்கிட்டு பச்சை விழற வரைக்கும் அசையாம உக்காந்திருந்தேன்.

இதுல என் தப்பும் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரே மாசத்துல ரெண்டு தடவை பிரேக் ஆயில் குறைஞ்சிருந்தப்போ நானே ஊத்தி நிரப்பினேன். பேட் (முன் சக்கரத்து டிஸ்க்க புடிச்சு நிறுத்தற கட்டை) தேயத் தேய ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அது மாசக்கணக்குல மெதுவா நடக்கற விஷயம், ஒரே மாசத்துல ரெண்டு தடவை குறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு தான் அர்த்தம். பிரேக் ஆயில் தானா காய்ஞ்சு குறையற சாமான் இல்ல. தயவுசெஞ்சு யாரும் ஊத்தி ஊத்தி ஓட்டாதீங்க.

சரி, அடுத்த நாள்ல இருந்து மூணு இடத்துல கேட்டேன், அத தான் இங்க பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதறேன்.

முதல்ல ஃபிட்மெண்ட் கடை, அதான் டயர், ஷாக், எக்ஸாஸ்ட், பிரேக் எல்லாம் போடுற சங்கிலிக் கடை, வீட்டுக்குப் பக்கம், பேர் வேண்டாம். வண்டிய தூக்கி முன் சக்கரம் ரெண்டும் கழட்டி 20 நிமிஷத்துல ரிப்போர்ட் கொடுத்துட்டாங்க: முன் பேட் மாத்தணும், டிஸ்க் ரெண்டும் மாத்தணும், 4,850 ரேண்ட். பெடல் இறங்குதேன்னு கேட்டேன், பேட் தேஞ்சதால தான் மேடம்னு சொன்னாங்க. பின் சக்கரத்து பிரேக் இருக்கற டிரம்ம (உருளை மூடி) கழட்டிக் கூட பாக்கல. பேட் தேஞ்சா பெடல் நின்ன இடத்துல நிக்கணும், அழுத்தி வச்சிருக்கும்போது தரைக்கு இறங்கிட்டே போகக் கூடாது, இறங்குனா ஆயில் வெளிய ஒழுகுது இல்லன்னா மாஸ்டர் சிலிண்டருக்குள்ள (பெடல் அழுத்தத்த ஆயில் வழியா சக்கரத்துக்கு அனுப்பறது அதான்) ரப்பர் கெட்டுப் போயி உள்ளுக்குள்ளயே பின்னாடி வழியுது. அன்னிக்கு எனக்கு இது தெரியாது, ஆனாலும் பணத்த கட்ட மனசு வரல.

ரெண்டாவது ஏஜெண்ட்ஸ், அதாவது கம்பெனி டீலர். இங்க பாத்து சொல்றதுக்கே 950 ரேண்ட் வாங்குனாங்க, ஆனா உண்மையச் சொல்லணும், ஒழுங்கா பாத்தாங்க. இடது பின் வீல் சிலிண்டர் (டிரம்முக்குள்ள ஷூவ தள்ளுறது) ஒழுகுது, ஷூ (டிரம்முல உரசி வண்டிய நிறுத்தறது) எல்லாம் ஆயில்ல நனைஞ்சிருக்கு, பிரேக் ஆயில் பழசு, எல்லாம் எழுதிக் கொடுத்தாங்க. கொட்டேஷன் 11,200 ரேண்ட். பேட், டிஸ்க், ஷூ, ரெண்டு வீல் சிலிண்டர், அதோட மாஸ்டர் சிலிண்டரும் முன்னெச்சரிக்கையா, எல்லாமே ஜெனுயின். ஒரு பார்ட் ஸ்டாக்ல இல்ல, வர நாலஞ்சு நாள் ஆகும்னாங்க. 20 வருஷ வண்டிக்கு இந்தத் தொகை கொடுக்கணுமான்னு வீட்டுல ஒரு ராத்திரி பூரா பேசினோம்.

மூணாவது சாட்ஸ்வொர்த்ல ஒரு ஒர்க்‌ஷாப், கோயில்ல பழக்கமான ஒரு அக்கா சொல்லி அனுப்பினாங்க. அங்க இருக்கற அங்கிளுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும், பேச்செல்லாம் இங்கிலீஷ் தான், நடுவுல "வா மா, உக்காரு மா" மட்டும் தமிழ். இடது பின் சக்கரத்த கழட்டி, டிரம்ம சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி உருவி எடுத்தார், உள்ள இருந்த தூசிய ஊதவே இல்ல, ஸ்ப்ரே அடிச்சு ஈரமாக்கி துணியால துடைச்சார், ஏன்னு கேட்டதுக்கு பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலத்துப் பழக்கம்னார் (இந்த நாட்டுல 2008ல தான் ஆஸ்பெஸ்டாஸ தடை பண்ணாங்க). அப்புறம் வீல் சிலிண்டரோட நுனியில இருக்கற சின்ன ரப்பர் மூடிய ஸ்க்ரூடிரைவரால லேசா நெம்புனார், உள்ள இருந்து காப்பி டிகாஷன் நிறத்துல ஆயில் சொட்டு சொட்டா அவர் விரல் மேல வழிஞ்சுது. பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது தேன் தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். எனக்கு அப்படியே ஃபீல்ட்ஸ் ஹில் ஞாபகம் வந்து கை நடுங்கிடுச்சு.

முன் டிஸ்க்க மைக்ரோமீட்டர்ல அளந்தார். டிஸ்க்லயே குறைஞ்சபட்ச தடிமன் எவ்வளவுன்னு பொறிச்சிருக்கும், அதுக்கு மேல நல்லாவே மிச்சம் இருக்கு, மாத்த வேண்டாம், ஸ்கிம் பண்ணா போதும்னார். ஸ்கிம்னா லேத்துல போட்டு மேல் பரப்ப சமமா சீவுறது. மாஸ்டர் சிலிண்டர தனியா சோதிச்சுப் பாத்துட்டு இது இப்போதைக்கு நல்லா இருக்குன்னு விட்டுட்டார். பேட், ஷூ, பின்னாடி ரெண்டு பக்கமும் புது வீல் சிலிண்டர், டிஸ்க் ஸ்கிம், ஆயில் முழுசா மாத்துனது, கூலி எல்லாம் சேத்து 3,700 ரேண்ட். ஒரு பக்கம் தானே ஒழுகுதுன்னேன், ஒரு ஆக்ஸில்ல ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டா பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும், எப்பவும் ஜோடியா தான் மாத்தணும்னு சொன்னார்.

ஆக கம்மி விலை சொன்ன இடத்துல தான் வேலை சரியா நடந்துச்சு, ஆனா சின்ன ஒர்க்‌ஷாப்புன்னாலே நல்லதுன்னு நான் சொல்ல வரல. டிரம்ம கழட்டிப் பாத்தவங்க ரெண்டு பேர், பாக்காதவங்க ஒருத்தர், அவ்வளவு தான் வித்தியாசம். நீங்க எங்க போனாலும் முதல்ல கேக்க வேண்டியது நாலு சக்கரத்தையும் கழட்டுவீங்களா, நான் பக்கத்துல நின்னு பாக்கலாமா, இந்த ரெண்டு தான்.

பார்ட்ஸ் விஷயத்துல என் முடிவு இது. பேட், ஷூ ஸ்பேர்ஸ் கடையில பேர் தெரிஞ்ச பிராண்டா வாங்குனா ஜெனுயினுக்கு பெரிய குறைச்சல் இல்ல. வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், இதெல்லாம் ஆயில் அழுத்தத்த தாங்கற சாமான், புதுசு மட்டும் தான். ஸ்க்ராப்யார்டுல பாதி விலைக்கு மாஸ்டர் சிலிண்டர் கிடைக்கும், ஆனா எத்தன மாசம் வெயில்ல காய்ஞ்ச ரப்பர் அதுக்குள்ள இருக்குன்னு யாருக்குத் தெரியும். டர்பன்ல கடல் காத்து வேற, அடியில போற இரும்பு பிரேக் பைப்பும் துரு புடிக்குது, வண்டி தூக்கியிருக்கும்போதே டார்ச் அடிச்சு அதையும் பாத்துடுங்க.

பிரேக் ஆயில் பத்தி இங்க நிறைய பேருக்கு அக்கறையே இல்ல, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், நம்ம ஊர் மாதிரி புழுக்கத்துல கேக்கவே வேண்டாம். டாட் 4ங்கற தரத்து ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது, தண்ணி சேந்து ஈரமான பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிடும், டாட் 3ன்னா 205ல இருந்து 140க்கு. நீள இறக்கத்துல தொடர்ந்து மிதிச்சா சூடு ஏறி உள்ள ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது, பெடல் பஞ்சு மாதிரி ஆகறது அதனால தான். அதனால இறக்கத்துல கியர இறக்கி எஞ்சின் புடிமானத்துல வாங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஆயில மாத்துங்க.

நாலாவது வழி வீட்டுலயே நாமளே பண்றது. முன் பேட் மாத்தறது கை வச்சுப் பழகுனவங்களுக்கு கஷ்டமில்ல, ஸ்டாண்ட் இல்லாம வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகாம இருந்தா சரி. ஆனா ஆயில் லைன கழட்டுற வேலை எதுவும் முதல் தடவை தனியா பண்ண வேண்டாம், உள்ள காத்து போயிடுச்சுன்னா ப்ளீட் பண்ண, அதாவது அந்தக் காத்த வெளியேத்த, தெரியணும்.

இப்ப ரீகால். நம்ம வாட்சப் குரூப்புல "பழைய கார் பிரேக்குக்கு கம்பெனியே இலவசமா பண்ணித் தருது"ன்னு அப்பப்ப ஓடும், அத நம்பி ஏஜெண்ட்ஸ்ட்ட போயி சண்டை போட்டவங்களும் இருக்காங்க. ரீகால்ங்கறது தயாரிப்புல தப்பு நடந்ததுன்னு கம்பெனி ஒத்துக்கிட்ட அந்த ஒரு பாகத்துக்கு மட்டும், அதுவும் அந்த வின் நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கற அடையாள எண்) பட்டியல்ல இருக்கற வண்டிக்கு மட்டும். தேய்மானம் அதுல வரவே வராது. என் டாஸோட வீல் சிலிண்டர் வயசாகி ஒழுகுனது, அது என் செலவு தான், அதுல நியாயம் இருக்கு.

ஆனா வண்டி பழசாச்சே, வாரண்டி முடிஞ்சே பத்து வருஷம் ஆச்சேன்னு ரீகால பாக்காம விடறது பெரிய தப்பு. 2022 ஜூன்ல மெர்சிடிஸ் உலகம் பூரா சுமார் 10 லட்சம் வண்டிய திருப்பிக் கூப்பிட்டாங்க, எம்எல், ஜிஎல், ஆர் கிளாஸ், 2004ல இருந்து 2015 வரைக்கும் செஞ்சது. பிரேக் பூஸ்டர் (நம்ம மிதியோட பலத்த கூட்டிக் கொடுக்கறது) மேல இருக்கற ரப்பர் உறைக்கு அடியில ஈரம் தங்கி துரு புடிச்சு, ரொம்ப மோசமான நிலையில பெடலுக்கும் பிரேக்குக்கும் இருக்கற இணைப்பே விட்டுப் போகலாம்னு சொன்னாங்க. 18 வருஷ வண்டிக்குக் கூட ரீகால் வந்துச்சு பாருங்க. எங்க சொந்தத்துல ஒரு மாமா மூணாவது கையா வாங்குன 2009 எம்எல் வச்சிருக்கார், வின் நம்பர சொல்லி போன் பண்ணார், பட்டியல்ல இருந்துச்சு, உறைய கழட்டி பூஸ்டர பாத்து துரு இல்லன்னு எழுதிக் கொடுத்தாங்க, ஒரு ரேண்ட் செலவில்ல. அதே நாள் பேட் தேஞ்சிருக்குன்னு சொன்னதுக்கு அவர் பணம் கட்டித் தான் மாத்துனார். ரீகாலும் ரிப்பேரும் ஒரே பில்லுல எப்படி பிரியுதுன்னு இதுல புரியும்.

இன்னொண்ணு, யூடியூப்ல பாக்கற அமெரிக்க சேதிய அப்படியே இங்க பொருத்தாதீங்க. 2023 செப்டம்பர்ல ஹூண்டாய், கியா ரெண்டும் சேந்து அமெரிக்கால சுமார் 34 லட்சம் வண்டிய கூப்பிட்டாங்க, ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது) யூனிட்டுக்குள்ள ஆயில் ஒழுகி ஷார்ட் ஆகி தீப்புடிக்கலாம், வீட்ட விட்டு தள்ளி நிறுத்துங்கன்னு. அது அந்த நாட்டு வின் நம்பர்களுக்கு, உங்க வண்டிக்கு உண்டான்னு இங்க தான் கேக்கணும். அதே மாதிரி அங்க முதல்ல வித்து 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு இலவசமா பண்ணித் தரணும்னு சட்டக் கட்டாயம் இல்ல, அது அவங்க சட்டம், அத படிச்சுட்டு இங்க போன் பண்ணாமயே விட்டுடாதீங்க. இங்க நேஷனல் கன்சூமர் கமிஷன் வெப்சைட்ல ரீகால் அறிவிப்பெல்லாம் போடுறாங்க, வின் நம்பர தேட எங்கயும் போக வேண்டாம், கண்ணாடியில ஒட்டியிருக்கற லைசன்ஸ் டிஸ்க்லயே 17 எழுத்தும் இருக்கு. ரீகால் வேலைன்னா மட்டும் ஏஜெண்ட்ஸ்ட்ட தான் போகணும், ஒர்க்‌ஷாப் அங்கிள்ட்ட காசு கொடுத்து பண்ணிட்டு அப்புறம் கம்பெனிய கேட்டா திரும்ப வாங்கறது பெரும்பாடு.

எங்க பண்ணாலும் நம்ம பக்கம் சட்டம் இருக்கு, 2008ஆம் வருஷத்து கன்சூமர் ப்ரொடெக்‌ஷன் ஆக்ட். ரிப்பேர்ல போட்ட புது பார்ட்டுக்கும் அத போட்ட கூலிக்கும் மூணு மாச உத்தரவாதம் உண்டு, சின்ன ஒர்க்‌ஷாப்பா இருந்தாலும் சரி. கழட்டுன பழைய பார்ட்ட நாம வேண்டாம்னு சொல்லாத வரைக்கும் நம்மட்ட திருப்பித் தரணும், கேட்டு வாங்குங்க, மாத்துனாங்களா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சிடும். என்னோட ரெண்டு பழைய வீல் சிலிண்டரும் கேரேஜ்ல ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுல இருக்கு. தனியார் காருக்கு இங்க ரோட்வொர்த்தி டெஸ்ட் (வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான்னு பாக்கறது) கை மாறும்போது மட்டும் தான், வருஷா வருஷம் லைசன்ஸ் டிஸ்க் புதுப்பிக்க யாரும் பிரேக்க பாக்கறதில்ல, பத்து வருஷமா ஒரே ஆள்ட்ட இருக்கற வண்டின்னா பத்து வருஷமா யாரும் டிரம்ம கழட்டாமயே இருந்திருக்கலாம்.

இப்ப என் தங்கச்சி 2008 கொரோலா ஒண்ணு பாத்து வச்சிருக்கா. முதல்ல வின் நம்பர சொல்லி டீலருக்கு போன், ரீகால் ஏதாவது பாக்கி இருந்தா அத விக்கறவர் பேர்லயே முடிச்சுட்டு வாங்குறது, அப்புறம் சாட்ஸ்வொர்த்துக்கு எடுத்துட்டுப் போயி நாலு சக்கரமும் கழட்டிப் பாத்துட்டு விலை பேசுறதுன்னு சொல்லியிருக்கேன். பூஸ்டர அவளே அங்கயே நின்னு சோதிச்சுடலாம்: எஞ்சின் ஆஃப்ல பெடல நாலஞ்சு தடவை மிதிச்சு இறுகுனதும் அப்படியே அழுத்திப் புடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணா பெடல் லேசா கொஞ்சம் உள்ள இறங்கி நிக்கணும். இறங்கவே இல்லன்னா பூஸ்டர்ல கோளாறு. நிக்காம கீழ போயிட்டே இருந்தா வண்டிய ஓட்டாம அங்கயே சாவிய கொடுத்துட்டு வந்துடுன்னு சொன்னேன்.