லண்டன் பிசியோ வேலை என்று 6 இலட்சத்து 80 ஆயிரம் வாங்கிவிட்டார்கள்: மலையகப் பிள்ளைகள் கவனம்

நேற்றும் புது விளம்பரம் போட்டிருக்கிறார்கள், இந்த முறை கனடாவாம். அதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். பெயரைப் போட்டால் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியிருப்பதால் பெயர் இல்லை. ஹட்டன் டவுனில் மேல்மாடியில் இருக்கும் ஒரு வெளிநாட்டு வேலை ஏஜென்சி.

நான் பிசியோதெரபி படித்து, இலங்கை மருத்துவச் சபையில் பதிந்து வேலை செய்கிறவள். இங்கிலாந்தில் வேலை, விசா, பதிவு எல்லாம் தாங்களே பார்ப்பதாகச் சொன்னார்கள். ஏஜென்சியில் இருந்தவர் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று விசாரித்தார். "எங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான் தங்கச்சி, நம்ம பிள்ளைங்க மேல வரணும்" என்றார். பிளேன்டீ வந்தது. லண்டனில் இருந்து ஒருவரை ஸ்பீக்கரில் பேச வைத்தார், அவரும் நல்ல தமிழில் அப்பாவை "ஐயா, ஐயா" என்றார். அப்பா அங்கேயே தலையாட்டிவிட்டார். அவருடைய சேமலாப நிதி, அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்த காசு, எல்லாம் சேர்த்து 6 இலட்சத்து 80 ஆயிரம்.

பணம் கைமாறியதும் பேச்சு மாறியது. "சேர் கொழும்புக்குப் போய்ட்டாரு மிஸ்." "லண்டன்ல லீவு." "ஃபைல் மேல போயிருச்சு." எந்த மேலே என்று ஒருவருக்கும் தெரியாது. பதிவு என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "அதை அங்க போய்ச் செஞ்சுக்கலாம், முதல்ல வேலையில சேருங்க" என்றார்கள். அங்கே எச்.சி.பி.சி. (பிசியோ போன்ற சுகாதாரத் தொழில் செய்கிறவர்களைப் பதியும் இங்கிலாந்துச் சபை) பதிவு இல்லாமல் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம்! நானே எச்.சி.பி.சி.க்கு மின்னஞ்சல் போட்டேன். என் பெயரில் விண்ணப்பமே இல்லையாம். வேலைக் கடிதத்தில் இருந்த நிறுவனத்தை, வெளிநாட்டவருக்கு வேலை விசா ஸ்பொன்சர் செய்ய அனுமதி பெற்றவர்கள் என்று இங்கிலாந்து அரசு இணையத்தில் போட்டிருக்கும் பட்டியலில் தேடினேன். அதுவும் இல்லை.

காசைத் திருப்பிக் கேட்டால் பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில் 'ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படாது'. 6 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு என்ன ஆலோசனை? அந்தப் பிளேன்டீயா?

எப்படி விண்ணப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் இருந்தேன், இப்போது மனம் இல்லை. பணம் கட்டுமுன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து, ஏஜென்சியின் லைசன்ஸ் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க முடியாது. எச்.சி.பி.சி. விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் போடலாம், நடுவில் ஆள் தேவையில்லை. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதினால் மொத்தம் 7 வேண்டும், ஒரு பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது. ஆங்கிலத் தகுதியே வேண்டாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், என்னுடையது இன்னும் அவர்களிடம்தான் கிடக்கிறது.

அங்கே காசு கட்டிய வேறு யாராவது இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.