முதல் மீன் தொட்டி: குடுவையா தொட்டியா, காத்திருப்பா அவசரமா, கப்பியா ஃபைட்டரா?

நன்னீர் மீன் வளர்ப்பில் இறங்குகிறவர் பெரும்பாலும் ஒரு மீனின் அழகில் மயங்கித்தான் இறங்குகிறார். அது நல்ல தொடக்கமே. ஆனால் அந்த மீனை வாங்குவதற்கு முன்பே தொட்டியின் அளவு, வடிகட்டி, மீன் விடும் நாள் என்று பல முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. ஒரே கேள்வியை வைத்துத்தான் இவற்றை நான் அளக்கிறேன்: ஏதாவது பிசகினால், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எந்த வழி அதிக அவகாசம் தரும்?

குடுவையும் தொட்டியும்

சிறிய குடுவை எளிது, பெரிய தொட்டி கடினம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறு. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட தொட்டி 54 லிட்டர் கொள்ளும். குடுவையில் 5 லிட்டர் இருக்கலாம். மீன் தின்னாமல் விட்ட ஒரே அளவு உணவு இரண்டிலும் அழுகினால், குடுவை நீரில் நஞ்சு ஏறத்தாழ பத்து மடங்கு அடர்த்தியாக இருக்கும். தொட்டி மீன் மறுநாள் காலை வரை தாக்குப்பிடிக்கும். குடுவை மீனுக்கு அந்த இரவே நெருக்கடி. வெப்பநிலையும் குடுவையில் சட்டென்று ஏறி இறங்கும். மேலே குறுகும் வாயினால் காற்றோடு உறவாடும் நீர்ப்பரப்பும் குறைந்துவிடுகிறது.

குடுவையின் பக்கம் நிற்கும் ஒரே நியாயம் எடை. 54 லிட்டர் நீர் மட்டுமே 54 கிலோ. கண்ணாடியும் சரளைக்கல்லும் தனி. அதைத் தாங்கும் சமமான மேசை வேண்டும். இடமே இல்லாதவர்கள் 20 முதல் 30 லிட்டர் தொட்டியில் ஒரே ஒரு ஃபைட்டர் மீனோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக் கீழே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உடனே மீன் விடுவதும் காத்திருப்பதும்

இதைத்தான் நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். புதிய தொட்டிகளில் மீன்கள் மடிவதற்குப் பெரும் காரணம் இங்கேதான் இருக்கிறது. மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும் மிச்ச உணவும் அழுகினாலும் அதே அம்மோனியாதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சு, மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். இந்த பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதைவிட வடிகட்டியின் பஞ்சிலும் சரளையிலும் ஒட்டித்தான் வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீர் பளிங்காகத் தெரிவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

முதல் வழி, தாங்கும் வலிமையுள்ள சில மீன்களை முதல் நாளே விட்டு, அவற்றின் கழிவிலேயே பாக்டீரியாவை வளர்ப்பது. நடக்கக்கூடியதுதான். ஆனால் மிகக் குறைவாக உணவிட்டு, நாள்தோறும் நீரைச் சோதித்து, அம்மோனியா தலைகாட்டும் போதெல்லாம் நீர் மாற்ற வேண்டும். நம் அவசரத்துக்கான விலையை மீன் கொடுக்கிறது என்பதால் எனக்கு இதில் உடன்பாடில்லை.

இரண்டாவது வழி, மீனே இல்லாமல், வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சேர்த்துக் காத்திருப்பது. சேர்த்த 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாரங்கள் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் தவறு நேர்ந்தாலும் எந்த உயிருக்கும் வலியில்லை.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நோயில்லாத, பழகிய (அதாவது பாக்டீரியா ஏற்கெனவே போதிய அளவு பெருகிய) தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து வடிகட்டிப் பஞ்சில் ஒரு பகுதியை ஈரம் காயாமல் வாங்கி வந்து வைத்துவிட்டால் வாரங்கள் நாட்களாகச் சுருங்கலாம். புட்டியில் விற்கும் பாக்டீரியா திரவங்களில் சில பலன் தருகின்றன, சில தருவதில்லை. எதை ஊற்றினாலும் சோதனை செய்யாமல் மீன் விட வேண்டாம். எந்த வழியானாலும், குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்து கட்டாயம். நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். ஆனால் சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகச் சேர்க்கும் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) அப்படிப் போகாது.

ஸ்பாஞ்ச் ஃபில்டரும் தொங்கும் ஃபில்டரும்

ஏர் பம்ப் தள்ளும் குமிழிகளால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் பார்க்க அழகாக இருக்காது. தொட்டிக்குள் இடத்தையும் அடைக்கும். ஆனால் பழுதாக அதில் எதுவுமே இல்லை, நீரோட்டம் மென்மையானது, குஞ்சுகளை உறிஞ்சாது. பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். இல்லையெனில் மின்சாரம் நின்றதும் நீர் பின்னோக்கி இறங்கிவிடும். தொட்டியின் விளிம்பில் தொங்கும் ஃபில்டர் தூசியை நன்றாகப் பிடித்து நீரைத் தெளிவாக்குகிறது. ஆனால் அதன் ஓட்டம் நீண்ட துடுப்புள்ள ஃபைட்டரை அலைக்கழிக்கும். அதன் வடிகட்டும் அட்டையை (கார்ட்ரிட்ஜ்) மாதந்தோறும் மாற்றச் சொல்லும் குறிப்பைப் பின்பற்றினால், வளர்த்த பாக்டீரியாவையும் சேர்த்து எறிந்துவிடுவோம். எந்த ஃபில்டரானாலும் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். முதல் தொட்டிக்கு என் தேர்வு ஸ்பாஞ்ச்.

செடி விஷயத்தில் பிளாஸ்டிக்கை நான் பரிந்துரைப்பதில்லை. ஹார்ன்வொர்ட் மிதந்தபடியே வளர்ந்து அம்மோனியாவை உறிஞ்சும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கல்லில் கட்டினால் போதும்; தண்டுக்கிழங்கைச் சரளைக்குள் புதைத்தால் அழுகிவிடும்.

எந்த மீன்?

தங்கமீனிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். உருண்டை உடல் வகைகள் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரும். சாதாரண நீள்வகை 30 சென்டிமீட்டரையும் எட்டும். பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய மீன், கழிவும் மிக அதிகம். 54 லிட்டர் அதற்குப் போதாது.

ஃபைட்டர் மேற்பரப்புக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு கொண்டது. அதனால்தான் சிறு கோப்பையிலும் சாகாமல் கிடக்கிறது. அதை வாழ்க்கை என்று கொள்ளக்கூடாது. 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் மூடியும் கொடுத்து, ஆண் மீனைத் தனியே வைத்தால், வளர்ப்பவரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வரும் அருமையான மீன் அது.

கப்பிக்கும் நியான் டெட்ராவுக்கும் இடையே தேர்வு செய்யக் கண்களைவிடக் குழாய் நீர்தான் சரியான ஆலோசகர். கப்பி கடின நீரில் செழிக்கும். நியான் டெட்ரா மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீரை விரும்பும். மருந்து ஊற்றி நீரின் தன்மையை மாற்றப் போராடுவதைவிட, இருக்கும் நீருக்கேற்ற மீனை வாங்குவது எவ்வளவோ மேல். பெண் கப்பி ஆணின் விந்தைச் சேமித்து வைத்துப் பல ஈடுகள் குட்டி போடும் என்பதால், பெருக்கம் வேண்டாதவர்கள் ஆண்களை மட்டும் வாங்கலாம். நியான் டெட்ராவைச் சில மாதம் பழகிய தொட்டியில் ஆறுக்குக் குறையாத கூட்டமாக விடுங்கள். இரண்டிலும் தயக்கம் இருந்தால் வரிக்குதிரை டேனியோ இருக்கிறது: பலவகை நீரைத் தாங்கும், ஓயாமல் நீந்தும், ஆறேழு சேர்ந்தால் தொட்டியே துள்ளும். முதல் மீன் எது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன்.

பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லி விரலளவு சக்கர் மீனை விற்பார்கள். அது 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், தின்பதைவிட அதிகம் அழுக்காக்கும். நெரைட் நத்தை அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டையிடும், ஆனால் அவை நன்னீரில் குஞ்சாக வளர்வதில்லை. இரண்டையும் வாங்குவதற்கு முன் விளக்கு எரியும் நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்துப் பாருங்கள். பாசி பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.