கடற்பாலம் தாண்டாமல் பினாங்குச் சாப்பாடு

சிங்கப்பூருக்கு வந்தால் ஒரு சனிக்கிழமை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை பள்ளி விடுமுறை. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை என்று தம்பி கைப்பேசியில் காட்டினான். சரி, மலேசியக் கடைகளை ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் கடைத்தொகுதி உணவங்காடி ஒன்றுக்கே போவோம் என்று முடிவானது.

மெல்பர்னிலிருந்து வரும் என்னைப் போன்றவர்களுக்கு முதலில் ஒன்று: இப்போது பல கடைகளில் ஆளிடம் கேட்க முடியாது, திரையைத் தட்டித்தான் வாங்கவேண்டும். உள்ளூர்க்காரர்கள் பேநவ் என்ற உள்ளூர் வங்கிப் பணப்பரிமாற்ற வசதியில் நொடியில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நம்மிடம் அது இருக்காது. வெளிநாட்டு அட்டையை அந்தத் திரை இரண்டு தரம் துப்பிவிட்டு மூன்றாவது தரம் ஏற்றுக்கொண்டது. பின்னால் நின்றவர்களின் பெருமூச்சு காதில் விழுந்தது.

அம்மாவுக்கு இந்தத் திரையெல்லாம் ஆகாது. நேரே வாணலிக்கு முன்னால் போய் நின்று, "அங்கிள், தா மாவ் கெராங், சிலி லெபே" என்று அந்தக் காலத்துச் சந்தை மலாயில் சொன்னார். சிப்பி வேண்டாம், மிளகாய் கூடுதல். சீனப் பெரியவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, "போலே, போலே" என்றார். தட்டு வந்தபோது சொன்னது சொன்னபடி இருந்தது. திரையில் அந்த வசதி கிடையாது.

அம்மா வாங்கிய அந்த சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸ்தான் அன்றைய சாப்பாட்டில் முதலிடம். சிங்கப்பூரில் மஞ்சள் நூடுல்ஸும் கலந்து, கருப்பு சாஸ் ஊற்றி இனிப்பாகச் செய்வார்கள். பினாங்கு முறையில் தட்டையான அரிசி நூடுல்ஸ் மட்டும். நிறம் வெளிறியிருக்கும், ஈரம் குறைவு, வாணலிச் சூட்டின் கருகல் மணம் தூக்கலாக இருக்கும். இறால் சின்னதுதான், ஆனால் முளைப்பயறு கடிக்கையில் நறுக்கென்றது.

அசாம் லக்சா என்ற புளிப்பான மீன் நூடுல்ஸ் சூப்பைப் பிள்ளைகள் தொடவில்லை. தேங்காய்ப்பால் லக்சா என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்குப் புளி ஏமாற்றம்தான். அம்மாவோ ருசித்துச் சாப்பிட்டார். "நம்ம மீன் குழம்புல நூடுல்ஸ் போட்டுக் கொடுத்திருக்கான்." அவர் சொன்னதில் தப்பில்லை. புளியும் கானாங்கெளுத்தி வகை மீனும்தானே அடிப்படை. மேலே பொடியாக நறுக்கிய புங்கா கந்தான் என்ற இஞ்சி வகைப் பூ, கரண்டியில் கருப்பாக இறால் விழுது. விழுதை முழுதாகக் கரைத்துவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஊறவிட்டுச் சாப்பிட்டால் போதும்.

கோலாலம்பூர் ஹொக்கியன் மீ, அதாவது கருப்பு சாஸில் வறுத்த தடித்த நூடுல்ஸ், கருகருவென்று பளபளத்தது. பன்றிக்கொழுப்பு வறுவல் சேர்ப்பார்கள், வேண்டாதவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளவும். தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்த ஐஸ் இனிப்பான செண்டோல் சுமார். பனைவெல்லம் போதவில்லை, வெறும் ஐஸ் தண்ணீர். எனக்குப் பெரிய குறை, சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் இல்லாதது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த சாப்பாடு அது. அதை விட்டுவிட்டு மலேசியச் சாப்பாடு என்று பலகை மாட்டுவது என்ன நியாயம்?

சாப்பிட்டதும் என் மகன் தட்டை அப்படியே விட்டு எழுந்தான். "டேய், எடு!" என்று சின்னப் பிள்ளையை அதட்டுகிற தோரணையில் தம்பி மகள் சொன்னாள். அவளுக்கு வயது எட்டு. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைப்பது ஹாக்கர் சென்டர் எனப்படும் உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்தும், இதுபோன்ற கடைத்தொகுதி உணவங்காடிகளில் 2022 ஜனவரியிலிருந்தும் சட்டம். முதலில் எழுத்து மூலம் எச்சரிக்கை, மறுபடியும் மாட்டினால் 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருந்தால் பார்த்து வையுங்கள்.

விலை ஜொகூரோடு ஒப்பிட்டால் வயிறு எரியும். ஆனாலும் உணவகங்களைப் போல 10 சதவீத சேவைக் கட்டணம், 9 சதவீத வரி என்று மேலே ஏற்றவில்லை, பலகையில் போட்ட விலைதான். அப்புறம், அம்மா இன்னொரு சார் குவே தியாவை 'தாபாவ்', அதாவது வீட்டுக்குப் பொட்டலமாகக் கட்டச் சொன்னார். டப்பாவுக்குத் தனிக்காசு. அதற்கும் அந்தப் பெரியவரிடம் மலாயில் ஒரு சுற்று பேரம் நடந்தது, பலிக்கவில்லை.