லிவர்பூல் கரை: பழைய கிடங்கைப் புதுப்பிப்பதா, புதிதாகக் கட்டுவதா?

கரையோர நிலத்தில் காசு பார்ப்பதா, பழைய கட்டடங்களைக் காப்பதா? இங்கிலாந்தின் லிவர்பூல் இரண்டையும் செய்து பார்த்த ஊர். அங்கேயே ஒப்பிடலாம்.

பணம்
ஆல்பர்ட் டாக் (பழையது; கப்பல் துறையும் அதைச் சுற்றிய கிடங்குகளும்): 1980களில் அரசு அமைப்பு முன்னின்று புதுப்பித்தது.
லிவர்பூல் வாட்டர்ஸ் (புதியது): 60 ஹெக்டேர், 550 கோடி பவுண்டு தனியார் திட்டம்.

உறுதி
ஆல்பர்ட் டாக்: 1846இல் திறந்தது. தீக்குப் பயந்து செங்கல், கல், வார்ப்பிரும்பில் கட்டினார்கள். தாங்கும் பாகங்களில் மரமே இல்லை. தண்ணீரை ஒட்டி வரிசையாக நிற்கும் அந்தத் தடித்த சிவப்புத் தூண்களைப் பாருங்கள், எல்லாம் இரும்பு. 1972இல் மூடியபின் துறையில் சேறு மண்டியது, கட்டடம் அசையவில்லை. இன்று கடைகள், உணவகங்கள், அருங்காட்சியகம் என்று கூட்டம்.
புதியது: போகப் போகத்தான் தெரியும்.

இழப்பு
பழையது: அதிக வாடகை தரும் உயரமான அடுக்குகளுக்கு இடமில்லை.
புதியது: லிவர்பூல் கரைக்கு 2004இல் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி, புதுக் கட்டடங்களால் 2021இல் பறிபோனது. அங்கிருந்த பிராம்லி-மூர் என்ற பழைய கப்பல் துறையை நிரப்பி எவர்ட்டன் கால்பந்து மைதானம் எழுந்துவிட்டது. வேலை தேவைப்படும் வடக்குப் பகுதிக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நிரப்பிய துறை திரும்பாது. அது எனக்கு வலிக்கிறது.

சரி, எது யாருக்கு? உறுதியான கட்டடம் நிற்கிறதென்றால் புதுப்பியுங்கள், லாபம் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. வெறும் நிலம், உடனடி வேலைவாய்ப்பு வேண்டுமென்றால் கட்டுங்கள். உயர வரம்பை முதலிலேயே எழுதிவிட்டு, நீர்த்துறைகளைத் தொடாமல்.